வியாழக்கிழமை மட்டும் திரும்பி வந்த புகை

லெர்ஷன்டாலில் வீட்டுப் புகைபோக்கிகளைச் சுத்தம் செய்து சோதிக்கும் ஹைட்ருன் ஃபோக்டுக்கு வருடத்தில் ஒரு நாள்தான் மரியாதை. அது ஜனவரி ஒன்றாம் தேதி. அன்று புகைபோக்கிக்காரியின் கருப்புக் கோட்டில் இருக்கும் பித்தளைப் பொத்தானைத் தொட்டால் அந்த ஆண்டு நல்லபடியாகப் போகும் என்று எங்கள் ஊரில் எல்லாரும் நம்புகிறார்கள். தேவாலயத்திலிருந்து வெளியே வருகிறவர்கள் வரிசையில் நின்று தொடுவார்கள். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார். "ஒரு விரல் போதும். கேக் தின்ன கையோட வராதீங்க" என்பார். மறுநாள் அதே ஆட்கள், அவருடைய வண்டி தெருமுனையில் திரும்புவதைப் பார்த்ததும் ஜன்னல் திரையை இழுத்து விடுவார்கள்.

அவரைப் பற்றி இப்போது பீர்க்கடையில் ஒரு கதை ஓடுகிறது. அது உண்மையில்லை. எல்லாம் வெளிப்பட்ட சமையலறையில் நானும் இருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன். அவர் நல்லவர், எல்லாரும் அவரைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அவரோடு பத்து நிமிடம் இருந்தால் யாருக்கும் எரிச்சல் வரும். எனக்கும் வந்தது.

வயது ஐம்பத்தேழு. குட்டையான, அகலமான உடம்பு. இடது முழங்கால் மடங்காது, ஆனாலும் கூரை ஏணியில் யாரையும் முந்துவார். காது மடல்களின் மடிப்பில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத கரி. மூடிப்போன செருப்புக் கடைக்கு மேலே தனியாக இருக்கிறார். அந்த வீட்டில் கணப்பே கிடையாது, மின்சார ஹீட்டர்தான். ஊரே அதைச் சொல்லிச் சிரிக்கும். யாராவது முகத்துக்கு நேரே கேட்டால், "நாள் முழுக்க உங்க கரியைத் தின்னுட்டு வர்றேன். வீட்டுலயும் வேற தின்னணுமா?" என்பார்.

அவர் வருவதற்குச் சில நாட்களுக்கு முன்பே கதவில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். தேதி, மணி, கீழே ஃபோக்ட் என்ற கையெழுத்து. சொன்ன நிமிடத்தில் மணியடிப்பார். உள்ளே விடமாட்டேன் என்று சொல்ல முடியாது. சட்டம் அப்படி; ஆபத்தான கணப்பைப் பூட்டிச் சீல் வைக்கும் அதிகாரமும் அவருக்கு உண்டு. முதலில் கூரை. இரும்புக் குண்டு கட்டிய தூரிகையைக் கயிற்றில் விட்டு, புகைபோக்கி முழுக்க ஏற்றி இறக்குவார். பிறகு நிலவறையில் இருக்கும் சின்ன இரும்புக் கதவைத் திறந்து கரியை வாளியில் அள்ளுவார். கண்ணாடி ஒன்றை நீட்டி, கீழிருந்து மேலே வானம் தெரிகிறதா என்று பார்ப்பார். எந்த வீட்டிலும் ஒரு வாய் காபி குடித்ததில்லை. "காபி குடிச்ச வீட்டுல எப்படிச் சீல் வைக்கிறது?" என்று கேட்பார். ஊர்க்காரர்களுக்கு அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி அந்தக் கேள்விக்குத்தான்.

நாங்கள் போன கோடையில்தான் டீட்மார் க்ரோல் வீட்டு மேல்மாடிக்கு வாடகைக்கு வந்திருந்தோம், அம்மாவும் நானும். கீழே க்ரோலும் அவர் மனைவி மார்லீஸும். க்ரோல் முப்பத்தெட்டு வருடம் மர அறுவை மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். வீட்டில் எரிவாயு ஹீட்டர் இருந்தது. ஆனால் சாயங்காலமானால் கண்ணாடிக் கதவு வைத்த தன் இரும்புக் கணப்பில் பீச் மரக் கட்டைகளை அடுக்கித் தீ மூட்டி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால்தான் அவருக்குப் பொழுது போகும்.

நவம்பரில் அம்மாவுக்குத் தலைவலி வர ஆரம்பித்தது. ரொட்டிக் கடையில் நின்று நின்று வருகிறது என்று நினைத்தார். பிறகு வாந்தியும் வந்தது. நான் அப்போது பள்ளியை முடித்துவிட்டு, எந்த வேலையிலும் சேராமல், இருட்டும் வரை சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தேன். அதனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மருத்துவர் அம்மாவிடம், "கீழ்வீட்டுல கணப்பு எரிக்கிறாங்களா?" என்று மட்டும் கேட்டார். அன்றே ஒரு புகை அலாரம் வாங்கி மாட்டினோம். கணப்பிலிருந்து கசியும், வாசனையில்லாத விஷவாயுவைக் காட்டிக்கொடுக்கும் வகை.

நவம்பர் பத்தொன்பதாம் தேதி, வியாழக்கிழமை, மாலை ஆறரைக்கு அது அலறியது.

எங்கள் ஊர்த் தீயணைப்புப் படை என்பது பீர்க்கடையில் க்ரோலோடு சீட்டாடும் அதே ஆட்கள்தான். ஒருவர் கையில் சீட்டோடே ஓடி வந்தார். க்ரோலும் மூச்சிரைக்கப் பின்னால் வந்தார். எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டார்கள். பத்து நிமிடத்தில் அலாரம் அடங்கியது.

"சைனா பொம்மை அது. வெங்காயம் வதக்கினாக்கூடக் கத்தும்," என்றார் க்ரோல்.

"என் தலையும் சைனாவுல செஞ்சதா?" என்று கேட்டார் அம்மா. படிக்கட்டில் உட்கார்ந்து வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

படைத்தலைவர் தர்மசங்கடத்தோடு ஒரு படிவத்தை நிரப்பினார். அலாரம் அடித்தால் புகைபோக்கிக்காரிக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஃபோக்ட் வந்தார். மஞ்சள் சீட்டு ஒட்டாமல் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. கூரைக்குக்கூட ஏறவில்லை. நேராகக் கணப்பு முன்னால் போய், கதவின் கைப்பிடியில் கம்பியைச் சுற்றி, ஈய முத்திரை அழுத்தி, அதன் மேல் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினார். க்ரோல் குளியல் அங்கியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"பாத்தா தெரியல? பூட்டறேன்."

"காரணம் சொல்லாம எப்படிப் பூட்டுவீங்க?"

"காரணம் இன்னும் தெரியல. தெரிஞ்சதும் சொல்றேன். அதுவரைக்கும் இதைத் தொட்டீங்கன்னா கோர்ட்டுல பாத்துக்கலாம்."

"என் பொண்ணு வர்றா, ஏழு வாரக் குழந்தையோட! அடுத்த மாசம் இருபதாம் தேதி வர்றா. கிறிஸ்துமஸுக்கு இந்த ரூம்லதான் தொட்டில் போடப்போறோம். பச்சப் புள்ளைக்குத் தீ வேணாமா?"

ஃபோக்ட் கணப்பையும் தொட்டில் வரப்போகும் மூலையையும் பார்த்தார். நடுவே இரண்டு மீட்டர்கூட இருக்காது.

"அதனாலதான் பூட்டறேன்," என்றார்.

"கரிக்காக்கா! நீ வாய வச்ச வீடு விளங்குமா?"

அவர் கதவருகே நின்று திரும்பினார். "'நீ'யா? நாம ரெண்டு பேரும் எப்ப ஒண்ணாப் பன்னி மேய்ச்சோம், க்ரோல் சார்?"

அடுத்த வாரம் அவர் மூன்று முறை வந்தார். சீல் இருந்தாலும் காரணத்தைத் தேடுவது அவர் வேலைதான். கூரை ஏறித் தூரிகை விட்டார். விழுந்தது அரை வாளிக் கரி, அதுவும் நன்றாக உலர்ந்த கரி. காக்கைக் கூடு இல்லை. கண்ணாடியில் வானம் வட்டமாகத் தெரிந்தது. வண்ணப் புகைக் குப்பியைக் கொளுத்தி உள்ளே வைத்து, மேல்மாடிச் சுவரில் விரிசல் வழியே வருகிறதா என்று, புகைபோக்கி ஏறும் எங்கள் படுக்கையறைச் சுவரை முகர்ந்து பார்த்தார். வரவில்லை. தானே சீலை உடைத்துத் தீ மூட்டி, குழாயில் அளவுகருவியைச் செருகி, புகையை மேலே கொண்டுபோகும் இழுப்பை அளந்தார். இழுப்பு அருமையாக இருந்தது. மறுபடியும் சீல் வைத்தார்.

கடைசியாக முற்றத்தில் அடுக்கியிருந்த கட்டை ஒன்றைப் பிளந்து, ஈரம் பார்க்கும் கருவியின் இரண்டு ஊசிகளையும் அதில் குத்தினார். க்ரோல் வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தார். தன்னையே குத்தியது போல அவருக்கு வலித்திருக்க வேண்டும்.

"என் கட்டையையா சோதிக்கிறீங்க? முப்பத்தெட்டு வருஷம் மரத்தோட வாழ்ந்தவன் நான். கையில தட்டிப் பாத்தே ஈரம் சொல்லுவேன்."

"பதினாலு சதவீதம்," என்றார் ஃபோக்ட், கருவியைப் பார்த்தபடி.

"நான் பதினஞ்சுன்னு சொல்லியிருப்பேன். ஆக, கட்டை நல்லாருக்கு. புகைபோக்கி நல்லாருக்கு. இழுப்பு நல்லாருக்கு. உங்க மூளைதான் சரியில்லை."

ஃபோக்ட் ஊசிகளைத் துடைத்துப் பையில் வைத்தார். அவர் வந்ததெல்லாம் காலை நேரத்தில். காலையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது.

க்ரோல் மாவட்ட அலுவலகத்துக்கு இரண்டு பக்கப் புகார் எழுதினார். தகுதியில்லாதவர், பழிவாங்குகிறார், வாய் சரியில்லை. கடைசிக் குற்றச்சாட்டுக்கு ஊரில் பதினேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த இலையுதிர் காலத்தில் ஃபோக்டின் ஏழு வருடப் பதவிக்காலம் முடிகிறது என்பதும் எல்லாருக்கும் தெரியும். அலுவலகம் அவருக்குக் கடிதம் அனுப்பியது: டிசம்பர் பதினொன்றுக்குள் பழுது என்னவென்று எழுத்தில் காட்டுங்கள். இல்லையென்றால் சீலை எடுத்துவிடுங்கள்.

அதாவது, அவர் கண்டுபிடிக்காவிட்டால் பன்னிரண்டாம் தேதி க்ரோல் தீ மூட்டுவார். இருபதாம் தேதி அந்தத் தீயின் பக்கத்தில் தொட்டில் வரும். இருபத்து நான்காம் தேதி வியாழக்கிழமை.

ஆனால் வியாழக்கிழமைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதைச் சொன்னது அம்மாதான், தெரியாமலே சொன்னார்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் ஃபோக்ட் எங்கள் மாடிக்கு ஏறி வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. ஒரு நோட்டைத் திறந்துகொண்டு அம்மாவை விசாரிக்க ஆரம்பித்தார். திருடியைக் கேட்பது போல இருந்தது.

"தலைவலி எப்ப எப்ப வந்துச்சு? தேதி வேணும்."

"தேதி எழுதி வச்சுக்கிட்டா தலை வலிக்கும்?"

"எழுதி வச்சிருக்கணும். சரி, கிழமையாவது?"

அம்மா யோசித்தார். "வியாழன். வியாழக்கிழமை எனக்குக் கடையில சீக்கிரம் முடியும். வீட்டுக்கு வந்து படுத்தா கீழேருந்து உருளைக்கிழங்கு அடை வாசனை வரும். அந்த எண்ணெய் வாசனையிலதான் குமட்டுதுன்னு நினைச்சேன்."

ஃபோக்டின் பென்சில் நின்றது. "எத்தனை மணிக்கு அடை?"

"அஞ்சரை, ஆறு."

"சாயங்காலமா?" அவர் குரல் உயர்ந்தது. "சாயங்காலம் எவ அடுப்பு மூட்டுவா? ரொட்டியும் சீஸும்தானே?"

எங்கள் பக்கத்தில் சூடான சாப்பாடு மதியத்தோடு சரி. இரவுக்கு ரொட்டி, சீஸ், ஊறுகாய் வெள்ளரி. அதற்கு அடுப்பு வேண்டாம். க்ரோல் வீட்டிலும் அப்படித்தான். வியாழன் மட்டும் விலக்கு. அன்று ஐந்து மணிக்கே க்ரோல் சீட்டாடப் போய்விடுவார். வீடு சூடாக இருக்கட்டும் என்று போகும்முன் கணப்பை மூட்டிவிட்டுப் போவார். எட்டு மணிக்குப் பீர் குடித்துவிட்டுப் பசியோடு வருவார். அவருக்காக மார்லீஸ் உருளைக்கிழங்கு அடை சுட்டு, ஆப்பிள் மசியலோடு எடுத்து வைப்பார்.

ஃபோக்ட் பையிலிருந்து க்ரோல் வீட்டு ஃபைலை எடுத்துப் புரட்டினார். மூன்று வருடத்துக்கு முன் அந்தச் சமையலறையில் அடுப்புக்கு மேலே பெரிய எக்ஸாஸ்ட் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அது வீட்டுக் காற்றை இழுத்து வெளியே தள்ளும் வகை. கணப்பு இருக்கும் வீட்டில் அப்படி ஒன்று ஓட வேண்டுமானால் ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அது காற்றைப் புகைபோக்கி வழியாகவே கீழே இழுக்கும், புகையையும் சேர்த்து. அது படிக்கட்டு வழியாக எங்கள் மாடிக்கும் ஏறும். அதனால் ஜன்னல் சட்டத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சுவிட்ச் வைப்பார்கள். ஜன்னலை மூடினால் எக்ஸாஸ்ட் தானாக நின்றுவிடும்.

"சுவிட்ச் இருக்கு," என்று முணுமுணுத்தார். "பொருத்தினப்ப நானே சோதிச்சேன். என் கையெழுத்து இருக்கு." நோட்டைப் பட்டென்று மூடிவிட்டு, நன்றிகூடச் சொல்லாமல் இறங்கிப் போனார்.

அன்று மாலையே க்ரோல் கதவில் மஞ்சள் சீட்டு: டிசம்பர் பத்து, வியாழன், 17.30.

"அஞ்சரைக்கா?" க்ரோல் போனில் கத்தியது மாடி வரை கேட்டது. "அது வேலை நேரமே இல்லையே! எனக்குச் சீட்டு இருக்கு!"

அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, ரிசீவரை அடித்து வைத்தார்.

பத்தாம் தேதி ஃபோக்ட் எங்களையும் கீழே வரச் சொன்னார். "தலை வலிச்சவங்க பக்கத்துல இருந்தா நல்லது," என்றார். எங்களை அளவுகருவியாகப் பயன்படுத்துகிறார் என்று அம்மாவுக்குக் கோபம். மார்லீஸ் ஏப்ரன் கட்டிக்கொண்டு, கிழங்கு துருவிய பாத்திரத்தோடு நின்றார். க்ரோல் சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஃபோக்ட் சீலை உடைத்தார். கணப்புக்குள் பெரிய கட்டைகளைக் கீழே வைத்து, சுள்ளிகளை மேலே அடுக்கினார்.

"தலைகீழா வைக்கிறாங்க பாரு," என்றார் க்ரோல். "சின்னது கீழ, பெருசு மேல. குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"அதனாலதான் உங்க கண்ணாடி எப்பவும் கருப்பா இருக்கு. மேலேருந்து எரிஞ்சா புகை கம்மி. முப்பத்தெட்டு வருஷம் மரத்தை அறுத்தீங்க, எரிக்கக் கத்துக்கலியே." அவர் தீக்குச்சியைக் கிழித்தார். "மார்லீஸம்மா, நீங்க எப்பவும் போலச் சமையுங்க. நான் இல்லைன்னு நினைச்சுக்குங்க."

"அப்படி நினைக்க முடிஞ்சா நல்லாத்தான் இருக்கும்," என்றார் மார்லீஸ்.

எண்ணெய் காய்ந்தது. முதல் அடை விழுந்தது. மார்லீஸ் அன்று விதிப்படி ஜன்னலை மேல்பக்கம் சாய்த்துத் திறந்தார், எக்ஸாஸ்டைப் போட்டார். அது லாரி போல உறுமியது. கணப்பில் தீ நிமிர்ந்து எரிந்தது. ஃபோக்ட் புகையும் குச்சி ஒன்றைக் கணப்புக் கதவு இடுக்கில் பிடித்தார். புகை உள்ளே, மேலே போனது. இடுப்பில் மாட்டியிருந்த விஷவாயுக் கருவி பூஜ்யம் காட்டியது. பத்து நிமிடம். இருபது நிமிடம். ஆறு அடை ஆயிற்று. அம்மாவுக்குத் தலை வலிக்கவில்லை.

க்ரோல் முகத்தில் ஒளி வந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறே கால். இப்பப் போனாலும் நாலு ஆட்டம் ஆடலாம். நாளைக்குச் சீலை எடுத்துட்டு, கையெழுத்துப் போட்டுட்டு, மன்னிப்புக் கேட்டு ஒரு கடுதாசி எழுதுங்க. அதை நான் ஃபிரேம் போட்டு மாட்டிக்கறேன்."

ஃபோக்ட் மண்டியிட்டபடியே இருந்தார். மடங்காத காலை நீட்டி வைத்திருந்தார். அவர் நெற்றியில் வியர்வையும் கரியும் கலந்து ஓடியது. அவர் தோற்றுவிட்டார் என்று நான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. நாளை மறுநாள் தீ எரியும், தொட்டில் வரும் என்பது அந்த நொடி என் தலையில் ஏறவில்லை.

க்ரோல் கோட்டை மாட்டிக்கொண்டே, பழக்க தோஷத்தில் உள்ளே பார்த்துக் கத்தினார்: "மார்லீஸ், குளிரு மொத்தமும் உள்ள வருது! தெருவுக்கா நான் சூடு போடறேன்?"

மார்லீஸ் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையில் தோசைக்கரண்டி. மறு கை தானாக மேலே போய் ஜன்னலைத் தள்ளி, கைப்பிடியைத் திருப்பிப் பூட்டியது. அடையைத் திருப்பிப் போட்டார்.

எக்ஸாஸ்ட் உறுமிக்கொண்டே இருந்தது.

"யாரும் பேசாதீங்க," என்றார் ஃபோக்ட்.

உறுமல் நிற்கவில்லை. நின்றிருக்க வேண்டும். ஜன்னல் மூடியிருந்தது. ஃபோக்டின் கையிலிருந்த குச்சிப் புகை ஒரு கணம் தயங்கி, வளைந்து, அறைக்குள் எங்களைப் பார்த்து வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் தீ மங்கிச் சிவந்து தாழ்ந்தது. கதவின் ஓரத்தில் நூல் போலப் புகை கசிந்தது. முப்பது நொடிகூட ஆகியிருக்காது, அவர் இடுப்புக் கருவி கீச்சிட்டது.

"வெளிய! எல்லாரும் வெளிய!"

அவரே எக்ஸாஸ்டை நிறுத்தி, ஜன்னல்களை அகலத் திறந்தார். நாங்கள் முற்றத்தில் பனியில் நின்றோம். மார்லீஸ் இன்னும் தோசைக்கரண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கருவி அடங்கியதும் ஃபோக்ட் எங்களை உள்ளே கூப்பிட்டார். நாற்காலி மேல் ஏறி ஜன்னல் திரையை ஒதுக்கினார். சட்டத்தில் அந்தச் சின்ன சுவிட்ச். அதன் பக்கத்தில் காகித டேப் ஒட்டிய ஒரு காந்தம். கலங்கரை விளக்க வடிவம், சிவப்பும் வெள்ளையும். அவர்கள் கடற்கரைக்கு விடுமுறை போனபோது வாங்கியது, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைக்கும் வகை. ஜன்னல் மூடும்போது அதிலிருக்கும் காந்தம் சுவிட்சுக்குத் தகவல் சொல்லும்; இந்தக் காந்தம் அதன் விசையை முறித்து, ஜன்னல் திறந்தே இருக்கிறது என்று சுவிட்சை நம்ப வைத்துவிடும்.

"யார் வச்சது இது?"

க்ரோல் மனைவியைப் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. "மார்லீஸ்! நீயா? எங்க எல்லாரையும் கொல்லப் பாத்தியா?"

மார்லீஸ் இதுவரை சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

"நானா? ஜன்னலைத் திறந்தா 'தெருவுக்கா சூடு போடறேன்'னு கத்தறது யாரு? மூடினா அந்தச் சனியன் நின்னு போகுது. நின்னா வீடெல்லாம் எண்ணெய் நாத்தம்னு கத்தறது யாரு? ரெண்டு பக்கமும் நீங்கதான் கத்துவீங்க! தையல் வகுப்புல ஒருத்தி சொன்னா, ஒரு காந்தம் வச்சா போதும்னு. அவ வீட்டுலயும் அப்படித்தான். மூணு வருஷமா நிம்மதியா இருந்தேன், வியாழக்கிழமை தலைவலியைத் தவிர!"

"உங்களுக்கும் தலைவலியா?" என்று கேட்டார் அம்மா.

"எனக்கு அவர் போனதும் வலிக்கும், வந்ததும் வலிக்கும். எது புகை, எது அவருன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ஃபோக்ட் காந்தத்தைப் பிய்த்து மார்லீஸ் கையில் கொடுத்தார். "இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் என்ன சமையல்?"

"தொத்திறைச்சி வறுப்பேன். உருளைக்கிழங்கு சாலட்."

"குழந்தை எங்க இருக்கும்?"

மார்லீஸ் கணப்புப் பக்கத்து மூலையைப் பார்த்தார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரைத் தூக்கவில்லை.

ஃபோக்ட் சமையலறை மேஜையில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு அறிக்கை எழுதினார். காந்தம், சுவிட்ச், எக்ஸாஸ்ட், எல்லாவற்றையும் எழுதினார். மின்பணியாளர் வந்து சுவிட்சைச் சோதிக்கும் வரை சீல் இருக்கும் என்று எழுதினார். கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்தார். பிறகு கீழே இன்னொரு வரி: கடந்த மூன்று ஆண்டு ஆய்வுகளில் இந்தச் சுவிட்சை நான் சோதிக்கவில்லை. பழைய கையெழுத்தை நம்பிவிட்டேன். ஹை. ஃபோக்ட்.

க்ரோல் தோளுக்கு மேலாகப் படித்தார். பனியில் நின்று வெளுத்திருந்த முகத்தில் ரத்தம் ஏறியது. "ஆஹா! அப்போ தப்பு உங்க மேலதான்!"

"என் மேலயும்," என்றார் ஃபோக்ட். "நகல் ஒண்ணு உங்களுக்கு. பத்திரமா வச்சுக்குங்க, உதவும்."

வெளியே வண்டியில் ஏணியைக் கட்டும்போது அம்மா அவரிடம் கேட்டார்: "அந்தக் கடைசி வரி எதுக்கு? நீங்க சொல்லலைன்னா யாருக்கும் தெரியாதே."

"எழுதலைன்னா அடுத்த வீட்டுலயும் சோதிக்க மாட்டேன்," என்றார். "உங்க பையனை அந்த ஏணி முனையை விட்டு நகரச் சொல்லுங்க. கண்ணைக் குத்திக்கப் போறான்."

அடுத்த ஒரு வாரத்தில் அவர் எக்ஸாஸ்ட் இருக்கும் நாற்பத்தொரு வீடுகளுக்கும் மஞ்சள் சீட்டு ஒட்டாமல் போனார். ஒன்பது வீடுகளில் காந்தம் இருந்தது. ஆமை, பூனை, பாலம், ஒரு பீர் குவளை. ஒன்பது கணப்புகளுக்கும் கிறிஸ்துமஸுக்கு முன் சீல் விழுந்தது. க்ரோலின் புகாரில் கையெழுத்துப் போடாத ஐந்து பேர் அதன் பிறகு போட்டார்கள்.

பதினேழாம் தேதி மின்பணியாளர் வந்து போனார். ஃபோக்ட் வந்து ஜன்னலைத் தானே மூடினார். எக்ஸாஸ்ட் நின்றது. திறந்தார், ஓடியது. மூன்று தடவை அப்படிச் செய்துவிட்டுச் சீலை எடுத்தார். க்ரோல் அந்த நேரம் முழுக்க முற்றத்தில் கட்டை பிளந்துகொண்டிருந்தார். தேவைக்கு மேல் சத்தமாகப் பிளந்தார்.

இருபதாம் தேதி அவர்கள் மகள் ஸ்வென்யா குழந்தையோடு வந்தாள். இருபத்து நான்காம் தேதி மாலை நாங்கள் மாடியில் உட்கார்ந்து கீழே நடப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். எக்ஸாஸ்ட் ஓடும். "குளிருது!" என்று க்ரோல் கத்துவார். ஜன்னல் மூடும் சத்தம். எக்ஸாஸ்ட் நிற்கும். "நாத்தம்!" என்று கத்துவார். ஜன்னல் திறக்கும். நான்கைந்து தடவை இப்படி. கடைசியில் மார்லீஸின் குரல்: "இன்னொரு தடவை கத்தினா தொட்டிலை மாடிக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன்!" அதன் பிறகு எக்ஸாஸ்ட் நிற்கவே இல்லை, ஜன்னலும் மூடவில்லை. எங்கள் அலாரத்தின் பச்சை விளக்கு அப்படியே இருந்தது. படுக்கையறைச் சுவர் மிதமாகச் சூடேறியது. அம்மாவுக்கு அன்று தலை வலிக்கவில்லை.

மாவட்ட அலுவலகம் ஃபோக்டுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்தது. அவர் எழுதிய அந்தக் கடைசி வரியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். இலையுதிர் காலத்தில் அவருக்கு மறுபடி பதவி கிடைக்குமா என்று இன்னும் தெரியாது. பீர்க்கடையில் க்ரோல் சொல்லும் கதை இதுதான்: புகைபோக்கிக்காரி மூன்று வாரம் முழித்தாள், கடைசியில் நான்தான் காந்தத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். ஃபோக்ட் காதுக்கும் இது வந்தது. "அப்படியா? அப்போ அடுத்த தடவை எல்லா வீட்டையும் அவரே தேடட்டும்," என்றாராம்.

ஜனவரி முதல் தேதி தேவாலய வாசலில் வழக்கமான வரிசை. ஒன்பது வீட்டுக்காரர்களும் அதில் நின்றார்கள். யாரும் ஃபோக்டின் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் க்ரோல், கம்பளியில் சுற்றிய பேத்தியைத் தூக்கிக்கொண்டு.

"இது குழந்தைக்காக," என்றார். "உனக்காக இல்ல."

"தெரியும். உங்களுக்காக இருந்தா தொடவே விட்டிருக்க மாட்டேன்," என்றார் ஃபோக்ட். குனிந்து, கோட்டின் நடுப்பொத்தானை முன்னால் இழுத்துப் பிடித்தார். க்ரோல் குழந்தையின் கையைப் பிரித்து ஒரு விரலை மட்டும் அதன் மேல் வைத்தார். குழந்தை பொத்தானைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அவ்வளவு நேரமும் அவர்கள் இருவரும் ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படும் தூரத்தில் நின்றார்கள்.

கை விடுபட்டதும் ஃபோக்ட் பொத்தானைக் கோட்டுக் கையால் துடைத்தார்.

"பிப்ரவரி பதினொண்ணு, வியாழன், அஞ்சரை மணி," என்றார். "சீட்டு நாளைக்கே ஒட்டிடறேன். மார்லீஸம்மாவை அடை சுடச் சொல்லுங்க."